பல்லுக்குள் உடைந்த ஃபைல்: பிடுங்குவதற்கு முன்

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 43 வயது. மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலி. ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறேன். போன மார்ச் கடைசியில் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ராத்திரி தூங்கவிடாத வலி. பக்கத்து கிளினிக்கில் ரூட் கேனால் ஆரம்பித்தார்கள். இரண்டாவது தடவை போனபோது, "வேரைச் சுத்தம் செய்யும் ஃபைல் ஊசியின் நுனி உள்ளே உடைந்து தங்கிவிட்டது. எடுக்க வரவில்லை. அதோடு சேர்த்து அடைத்துவிடுகிறேன், பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். வலி நின்றது. பத்து நாளில் கேப் போட வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்த பிறகும் ஸ்கூல் ஃபீஸ், அது இது என்று தள்ளிப்போய்விட்டது. நான்கு மாதம் ஆகிறது. இப்போது அந்தப் பல்லால் கடித்தால் வலிக்கிறது. ஈறில் ஒரு கொப்புளம் வருகிறது, உடைகிறது, மறுபடி வருகிறது. கெமிஸ்டிடம் கேட்டு இரண்டு தடவை ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். அடங்கித் திரும்ப வந்துவிட்டது. ஒரு டாக்டர் பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் மறுபடியும் ரூட் கேனால் செய்யலாம் என்கிறார். அம்மா ஊரிலிருந்து போன் செய்து, "ஏட்டி, இரும்பை வாய்க்குள்ள வச்சுக்கிட்டு அலையாத, கேன்சர்ல கொண்டுபோய் விட்டுரும், பிடுங்கிப் போட்டுரு" என்று அழுகிறாள். யார் பேச்சைக் கேட்பது? முதல் டாக்டர் மேல் புகார் கொடுக்கலாமா? எக்ஸ்ரே இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எக்ஸ்ரே படங்களைப் பெரிதாக்கி அதைவிட அதிக நேரம் பார்த்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயத்திலோ கோபத்திலோ இந்த வாரம் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் தொந்தரவுக்கு அந்த உடைந்த ஃபைல்தான் காரணம் என்று எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல்லைத் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்வது சரியில்லை என்பதால், ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை விளக்குகிறேன். அடுத்த டாக்டரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படத்தில் இருப்பது 36ஆம் பல். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து எண் போடுவது எங்கள் வழக்கம். இடது கீழ்ப் பகுதிக்கு 3. நடுவிலிருந்து ஆறாவது பல் என்பதால் 6. ஆறு வயது வாக்கில் முளைத்து, வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டை அரைக்கும் பல் இது. இதற்கு முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர். பின் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் ஒன்று, சிலருக்கு இரண்டு. முன் வேருக்குள் இரண்டு. உங்கள் பின் வேரில் அடைப்பு நுனிவரை ஒழுங்காகப் போயிருக்கிறது. முன் வேரின் அடிப்பாகத்தில், வளைவு தொடங்கும் இடத்துக்குக் கீழே, அடைப்பைவிடப் பளிச்சென்று தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அதுதான் துண்டு. 3 மில்லிமீட்டர் போல இருக்கும். அதற்கும் கீழே எலும்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கருநிழல். ஏப்ரலில் எடுத்த படத்தில் அந்த நிழல் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

இன்னொன்றும் தெரிகிறது. அதை யாரும் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. ஏப்ரல் படத்தில் பல்லின் தலைப்பகுதியில் இருந்த தற்காலிக அடைப்பு, இப்போதைய படத்தில் பாதிக்கு மேல் காணோம். நாக்கால் தடவிப் பாருங்கள், ஒரு குழி தட்டுப்படும். சோற்றுப்பருக்கை போய் மாட்டுகிறதா?

தற்காலிக அடைப்பாக வைக்கும் அந்த வெள்ளைப் பூச்சு எச்சில் பட்டு இறுகும் ஒரு வகைச் சாந்து. நல்ல கனமாக வைத்தால் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். நான்கு மாதம் தாங்காது. முறுக்கும் கடலைமிட்டாயும் சாப்பிடும் வாயில் சுத்தமாகத் தாங்காது. அது தேய்ந்து விளிம்பில் இடுக்கு விழுந்ததும் எச்சிலும், எச்சிலில் உள்ள கிருமிகளும் உள்ளே இறங்குகின்றன. வேருக்குள் அடைத்திருக்கும் கட்டபர்ச்சா, மலேயாப் பக்கத்து மரமொன்றின் பாலிலிருந்து எடுக்கும் ரப்பர் மாதிரியான பொருள். மேலே மூடி இல்லாமல் தனியாக அதுவே எச்சிலை நிறுத்திவிடாது. ரூட் கேனாலைக் கிணறு என்று வைத்துக்கொண்டால், தூர் வாரிச் சுத்தம் செய்துவிட்டு மேலே மூடாமல் ஊருக்குப் போய்விட்டோம். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் வலி நின்றதும் சிகிச்சை முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். வலி நின்ற நாளில்தான் "கேப் போடாவிட்டால் உள்ளே செய்த வேலை வீணாகும்" என்று டாக்டர்கள் நாங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். பல நேரம் அவசரத்தில் சொல்வதில்லை.

சரி, ஃபைல் ஏன் உடைகிறது? இந்த ஃபைல் ஊசியைவிட மெல்லியது, நுனி 0.25 மில்லிமீட்டர், சிலவற்றுக்கு 0.10 மட்டுமே. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தில் செய்தவை இப்போது அதிகம் புழங்குகின்றன. 1988-ல் அந்த உலோகத்தில் ஃபைல் செய்து பார்த்த ஆய்வு வெளிவந்த பிறகு இந்தத் துறையே மாறிப்போனது. வளைந்த வேருக்குள் வளைந்தே போகும் குணம் அதற்கு உண்டு. ஆனால் மோட்டாரில் நிமிடத்துக்கு 300 சுற்று என்ற கணக்கில் வளைவுக்குள் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று அறுந்துவிடும் இல்லையா, அதேதான். சில நேரம் நுனி குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ள, மேல்பாகம் மட்டும் சுற்றி முறுக்கிக்கொண்டு அறும். ஒரே ஃபைலை அளவுக்கு மீறிப் பல பேருக்குப் பயன்படுத்தினாலும் உடையும். அது தவிர்க்கக்கூடிய தவறு. ஆனால் புத்தம்புது ஃபைலும் உடையும்.

எனக்கும் உடைந்திருக்கிறது. மேற்படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்ஸி ஓட்டும் ஒரு பெரியவரின் கீழ்க் கடைவாய்ப் பல். சத்தம்கூடக் கேட்கவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது: அதுவரை பிடித்துக்கொண்டிருந்த ஒரு இறுக்கம் சட்டென்று இல்லாமல் போனது. வெளியே எடுத்து, பஞ்சில் துடைத்து, அளவுகோலில் வைத்தேன். 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 22தான் இருந்தது. இன்னொரு தடவை அளந்தேன். வயிற்றைப் பிசைந்தது. நாற்காலியை நிமிர்த்தி உட்கார வைத்து, எக்ஸ்ரேயைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், அதில் நியாயம் உண்டு. துண்டை எடுக்க முயன்றேன், வரவில்லை. பக்கத்துக் கால்வாயை நன்றாகக் கழுவி அடைத்து, கேப் போட்டு, ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் வரச் சொன்னேன். வந்தார். எலும்பு நன்றாக இருந்தது. வருடா வருடம் அந்தப் பல்லோடு வந்து காட்டிவிட்டுப் போகிறார்.

உடைந்த துண்டு விஷம் இல்லை. அது இருக்கும் இடத்துக்குக் கீழே கிருமி மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஜெரால்ட் என்ற மூவர் 1965-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். எலிகளின் பல்லைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குச் சதை அழுகி, வேர் நுனியில் சீழ் வைத்தது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளுக்கு, அதே துளை வழியாகத் தீனி போய் அடைத்துக்கொண்டபோதும் அப்படி ஆகவில்லை. திறந்த இடத்தை மூடிப் புதுப் பல்திசுப் பாலம்கூட வளர்ந்தது. நாங்கள் செய்கிற வேலை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை.

இதை உங்கள் பல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். மார்ச்சில் உங்களுக்கு ராத்திரி தூங்கவிடாத வலி இருந்தது. அப்படிக் குத்தும் வலி பெரும்பாலும் பல்லுக்குள் நரம்பு இன்னும் உயிரோடு, வீங்கித் தவிப்பதற்கு அடையாளம். நரம்பு செத்து அழுகி, கிருமி நுனிவரை இறங்கிய பல்லில்தான் கருநிழல் தெரியும். ஏப்ரல் படத்தில் நிழல் இல்லை. ஆக, ஃபைல் உடைந்த நேரத்தில் வேரின் அடிப்பாகத்தில் கிருமி அதிகம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நிழல் அதன் பிறகுதான் வந்திருக்கிறது. மேல் மூடி கரைந்த நான்கு மாதத்தில். அதனால்தான் என் சந்தேகம் ஃபைல் மேல் குறைவாகவும் திறந்து கிடந்த மேற்புறத்தின் மேல் அதிகமாகவும் போகிறது.

ஆஸ்திரேலியாவில் ஸ்பிலி, பராஷோஸ், மெசர் ஆகியோர் 2005-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஃபைல் துண்டு உள்ளேயே தங்கிய பற்களையும், அதே மாதிரியான, துண்டு இல்லாத பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துண்டு இருந்தவற்றில் 91.8 சதவீதம் ஆறியிருந்தன, இல்லாதவற்றில் 94.5 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். அவை வேர் சிகிச்சை நிபுணர்கள் கையில் நடந்தவை. எல்லா கிளினிக்குக்கும் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் "உள்ளே உடைந்தது, அதனால் பல் போச்சு" என்று சொல்வது சரியில்லை என்பதற்கு இது போதும்.

இப்போது அந்தக் கொப்புளம். எலும்புக்குள் சேரும் சீழ் வெளியேற ஒரு வழி தேடி ஈறில் துளை போட்டுக்கொள்கிறது. வழி இருப்பதால்தான் உங்களுக்கு உயிர்போகிற வலி இல்லை. அதைக் கிள்ள வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும்; ஏனென்றால் ரத்தம் போகாத வேருக்குள் மருந்து போய்ச் சேராது. மூல இடத்தைச் சுத்தம் செய்யாமல் மூன்றாவது தடவை வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோ முக வீக்கமோ வந்தால் அது வேறு விஷயம், அப்போது டாக்டர் எழுதித் தருவார். அம்மா கிராம்பு எண்ணெய் வைக்கச் சொல்லியிருந்தால் அதுவும் இப்போது வேண்டாம். உயிருள்ள நரம்பு துடிக்கும்போது கிராம்பு எண்ணெய் இதம் தரும், நாங்களும் கிராம்புச் சத்து சேர்த்த மருந்தை வைப்பதுண்டு. நரம்பே எடுத்துவிட்ட பல்லில் அதற்கு வேலை இல்லை, ஈறைத்தான் புண்ணாக்கும். நரம்பு எடுத்த பிறகும் ஏன் வலிக்கிறது என்று கேட்பீர்கள். வலிப்பது பல் அல்ல, வேரைச் சுற்றி எலும்போடு கட்டிவைத்திருக்கும் சவ்வு. அங்கே வீக்கம் இருப்பதால் கடிக்கும்போது தெரிகிறது.

அந்தக் கொப்புளத்தால் ஒரு பெரிய உபயோகமும் உண்டு. அதன் வாய் வழியாக மெல்லிய கட்டபர்ச்சா குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தால், குச்சி எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் மூலம். வலிக்காது, இரண்டு நிமிட வேலை. முன் வேரின் நுனியில் போய் நின்றால், நான் மேலே சொன்ன கதை சரி. வேரின் பக்கவாட்டில் நின்றால் கவலைப்பட வேண்டும். கேப் இல்லாத பல் நான்கு மாதம் மென்றிருக்கிறது. வேர் நெடுக்கில் விரிசல் விட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுக்கம்பியை விட்டுச் சுற்றிலும் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டர் இறங்கும் கம்பி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் 8, 9 என்று சரேலென்று இறங்கினால், அது பெரும்பாலும் விரிசல். வேர் நெடுக்கில் விரிசல் விட்ட பல்லைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழியில்லை. எடுக்கத்தான் வேண்டும். அப்படி இருந்தால் பிடுங்கச் சொன்ன டாக்டர் சொன்னது சரி. அவர் கம்பி விட்டுப் பார்த்தாரா, எக்ஸ்ரேயில் ஃபைலைப் பார்த்ததும் சொன்னாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

விரிசல் இல்லை என்றால், மறு சிகிச்சை பக்கம்தான் நான் நிற்பேன். அதற்கும் ஒரு நிபந்தனை: ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது உங்கள் சொந்தப் பல் மிச்சம் இருக்க வேண்டும். கேப் பிடித்து நிற்பதற்கு அந்த விளிம்பு வேண்டும். படத்தில் பார்த்தவரை உங்களுக்கு அது இருக்கிறது.

மறு சிகிச்சையில் என்ன செய்வார்கள்? பழைய அடைப்பை எடுத்துவிட்டு வேர்களை மறுபடி கழுவுவார்கள். துண்டை எடுத்தே தீர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் துண்டு வளைவுக்குக் கீழே இருக்கிறது. அதை எட்டிப் பிடிக்க, மைக்ராஸ்கோப் வைத்து, அதிரும் நுனியால் சுற்றியுள்ள வேரைச் சுரண்டி வழி செய்ய வேண்டும். வேரின் சுவர் அங்கே மெல்லியது. ஓட்டை விழுந்துவிட்டால், அல்லது வேர் பலமிழந்து பிற்பாடு விரிசல் விட்டால், ஃபைல் வந்த சந்தோஷம் நிலைக்காது. ஓட்டையை அடைக்க 1990-களில் வந்த எம்டிஏ என்ற சிமென்ட் போன்ற மருந்து இருக்கிறது, நல்ல மருந்து. ஆனால் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. துண்டின் ஓரமாக மெல்லிய ஃபைல் ஒன்று நழுவிப் போக இடம் இருந்தால் அதுவே போதும், கழுவும் மருந்து கீழே போய்விடும். அதுவும் இல்லையென்றாலும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: முன் வேரின் இரண்டு கால்வாய்களும் பலருக்கு நுனிக்கு அருகில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சேர்ந்திருந்தால் துண்டு இல்லாத கால்வாய் வழியாக நுனியைக் கழுவிவிடலாம். சேர்கிறதா, தனித்தனியா என்று சிபிசிடி என்ற சிறு ஸ்கேனில் ஓரளவு தெரியும். வழக்கமான எக்ஸ்ரேயில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். எல்லாருக்கும் நான் இந்த ஸ்கேன் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவேன். பின் வேரிலும் யாரும் தொடாத இன்னொரு கால்வாய் ஒளிந்திருந்தால் அதுவும் அதில் சிக்கும்.

ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா? வாய்க்கு மேல் மெல்லிய ரப்பர் துணியை விரித்து, அதில் ஒரு துளை வழியாகச் சிகிச்சை நடக்கும் பல் மட்டும் தலைகாட்டும்படி மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாது. ஃபைலோ மருந்தோ தொண்டைக்குள் விழாது. கிருமியோடு சண்டை போடும் வேலையில் எச்சிலை ஓட விட்டுக்கொண்டு செய்வதில் அர்த்தமில்லை. வேரைக் கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட். நீச்சல் குளத்து வாசனை அடிக்கும். வேருக்குள் இருக்கும்வரை அதைப்போல நல்ல மருந்து இல்லை. அழுத்திச் செலுத்தி நுனியைத் தாண்டி வெளியே போய்விட்டால் மட்டும் திடீரென்று எரிச்சல், கன்னம் வீங்குதல், நீலம் பாய்தல் எல்லாம் வரும். அரிதாகத்தான் நடக்கும். சிகிச்சை நடக்கும்போது தாங்க முடியாத வலி வந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்குங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு, மூன்று நாள் வலியும் லேசான வீக்கமும் வரலாம். மறு சிகிச்சையில் இது கொஞ்சம் அதிகம். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வலி மாத்திரையை மட்டும் பார்த்துப் போடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஐபுப்ரோஃபென் வகையைத் தொடர்ந்து போடக் கூடாது. இது மழைக்காலம், மும்பையில் டெங்கு நடமாடும் நேரம். காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் ஐபுப்ரோஃபென் பக்கமே போகாமல் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தாலோ, நடுராத்திரியானாலும் சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். சீழ் தொண்டைப் பக்கம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை இருப்பதால் ரூட் கேனால் செய்யக் கூடாது என்றில்லை. கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு மெதுவாகத்தான் ஆறும், அவ்வளவுதான். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் போகும் முன் எடுத்துக்கொண்டு போங்கள். இம்ப்ளான்ட்டுக்கும் இதே சர்க்கரைதானே இருக்கப்போகிறது? அதுவும் எலும்பு ஆறிப் பிடித்தால்தான் நிற்கும். இம்ப்ளான்ட்டை நான் குறை சொல்லவில்லை, பல் போனவர்களுக்கு அது நல்ல வழி. பல் இருக்கும்போது முதல் வழியாக அதை எடுக்க எனக்கு மனசு வராது. மறு சிகிச்சையும் கைகொடுக்காவிட்டால், ஈறைத் திறந்து வேரின் நுனியை மட்டும் வெட்டி எடுத்து அடியிலிருந்து அடைக்கும் சிறு ஆபரேஷன் உண்டு. துண்டும் பல நேரம் அதோடு வந்துவிடும். கீழ்க் கடைவாயில் எலும்பு கனம், பக்கத்தில் உதட்டுக்குப் போகும் நரம்பும் ஓடுகிறது. அதனால் அனுபவமுள்ளவர் கை வேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தத் துண்டால் கேன்சர் வராது. அது துரு ஏறும் இரும்பு இல்லை. நிக்கல்-டைட்டானியம் என்றால், ரத்தக் குழாயை விரித்துவைக்கும் சில ஸ்டென்ட்களும் அதே உலோகத்தில்தான் செய்யப்படுகின்றன. இந்தப் பயத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் கனடாவில் மான்ட்ரியல் நகரில் பேசியபோது, வாயில் பதுங்கும் கிருமிகள்தான் உடம்பின் பல நோய்களுக்கும் மூலம் என்றார். அந்தப் பேச்சு பரவி, அடுத்த இருபது முப்பது வருடங்களில் மேல்நாடுகளில் நல்ல பற்களைக்கூடக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கிப் போட்டார்கள். நோய்கள் போகவில்லை, மக்கள் பொக்கை வாயோடு நின்றார்கள். பிறகுதான் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் பேச்சு மட்டும் இன்னும் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அம்மாவின் அழுகையில் பாசம் இருக்கிறது. அதற்காக ஒரு பல்லைக் கொடுக்க வேண்டாம்.

முதல் டாக்டர் மேல் புகார் பற்றி. ஃபைல் உடைவது தெரிந்தே இருக்கும் ஒரு ஆபத்து. அது மட்டும் அலட்சியம் ஆகிவிடாது. மறைப்பதுதான் தவறு. அவர் மறைக்கவில்லை, அன்றைக்கே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. எடுக்க வரவில்லை என்றதும் நிபுணர் ஒருவரிடம் அனுப்பியிருக்கலாம், அதைச் செய்யாதது குறைதான். அவரிடம் போய்ச் சண்டை போடாமல் ஒரு காகிதம் கேட்டு வாங்குங்கள்: எந்தக் கால்வாயில் உடைந்தது, எந்த அளவு ஃபைல், எவ்வளவு தூரம் கழுவிய பிறகு உடைந்தது. அடுத்து செய்யப்போகிறவருக்கு ஸ்கேனுக்குச் சமமான உதவி அது. உங்கள் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

செலவு தாங்காது என்று எழுதாவிட்டாலும் ஸ்கூல் ஃபீஸ் பற்றி எழுதியதிலேயே புரிகிறது. மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாநகராட்சி நடத்துவது. சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் எண்டோடான்டிக்ஸ் என்று இதற்கே தனித் துறை உண்டு. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்கள் பார்வையில் செய்வார்கள். தனியாரில் ஆகும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் நேரம் ஆகும், நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும். காலையில் சீக்கிரமே போய் கேஸ் பேப்பர் எடுத்துவிடுங்கள். இரண்டு எக்ஸ்ரேயும், அந்தக் காகிதமும், சர்க்கரை ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

கேப்புக்கு இப்போதே பணம் எடுத்துவையுங்கள். வேர் அடைத்த அன்றே மேலே நிரந்தர அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். சில வாரத்துக்குள் கேப் ஏறிவிட வேண்டும். பின்பல் யாருக்கும் தெரியப்போவதில்லை, வெறும் உலோக கேப்பே நன்றாக உழைக்கும். விலையுயர்ந்த, பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா கேப்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அதுவரை வலது பக்கமாகவே மெல்லுங்கள். ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் எக்ஸ்ரே. கொப்புளம் சில வாரத்திலேயே மறைந்துவிடும், ஆனால் எலும்பில் உள்ள நிழல் மெதுவாகத்தான் நிரம்பும். சிலருக்கு நான்கு வருடம்வரைகூட ஆகும். சிறிதாகிக்கொண்டே வந்தால் போதும்.

சிகிச்சைக்குப் போகிற அன்று காலைப் பலகாரத்தையும் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். மரத்துப்போன வாயோடு இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிட முடியாது. வெறும் வயிற்றில் நாற்காலியில் சாய்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பையில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.